நன்னடத்தைச் சான்று

முந்தல் ரோட்டில் இருட்டுப் பிரியும் முன்னே ஒரு பொம்பளை ஓடுகிறாள் என்ற பேச்சு போடி ஜீப் ஸ்டாண்டில் கிளம்பியபோது, அது ஒச்சம்மாளாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் மலைக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகள்தான் போகும். முன்விளக்கு வெளிச்சத்தில் முதலில் ஒரு மஞ்சள் சுடிதார் தெரியும். அப்புறம் இடுப்பில் இறுக்கி முடிந்த துப்பட்டா, அள்ளிச் செருகிய கொண்டை, செருப்பில்லாத கால்.

ஒருநாள், அவளோடு மலைக்குப் போய்வந்த பொன்னுமணி ஜீப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஏப்பா, மெதுவாப் போ, மெதுவாப் போ. மதினி மாதிரில இருக்கு! ஏ மதினி, யாரு வெரட்டுறா? ஆனையா, போலீசா?"

ஜீப்புக்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சம்மாள் நிற்கவில்லை.

"போங்கடி. மூச்சு முட்டுது, பேச முடியல."

"எடமிருக்கு, ஏறிக்க."

"மலைக்கு வரல. ஓடணும்."

"எங்குட்டு?"

"எங்குட்டும் இல்ல. சும்மா ஓடணும்."

"சும்மா ஓடுறாளாம்ல!" என்று யாரோ சொல்ல, ஜீப் சிரிப்பையும் சுமந்துகொண்டு முந்தலைப் பார்த்துப் போனது. மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. சாரல் இறங்கி ரோடு நனைந்திருந்தது. ஒச்சம்மாள் புளியமரத்தடியில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓட வேண்டும். மலைச்சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்தான். ஆனால் அந்தக் காலுக்கு நடக்கத் தெரியும், உட்காரத் தெரியும், வழுக்காமல் ஊன்றத் தெரியும். ஓடத் தெரியவில்லை.

இருபது வருசம் அவள் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடியுமுன் தூக்குச்சட்டியில் சோறும் புளிக்குழம்பும் அடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினால், போடிமெட்டு தாண்டி இறங்கும்போது குளிர் காதை அறுக்கும். செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரத்திலிருந்து விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் தானாக விழும். மத்தியானம் கங்காணி விசிலடித்தால் பாலில்லாத கட்டங்காப்பி. சாயங்காலம் மறுபடி ஜீப். வீடு வந்து சேரும்போது ஊரில் விளக்குப் போட்டிருப்பார்கள். அவள் புருசன் உக்கிரபாண்டியும் அதே மலைக்குத்தான் மருந்தடிக்கப் போனான்.

போன வருசம் தை மாசம் ஒரு சாயங்காலம், இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன ஜீப் கவிழ்ந்தது. உக்கிரபாண்டி அதில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தான். ஒச்சம்மாள் இருந்த ஜீப் பின்னாலேயே வந்தது. ரோட்டோரத்தில் ஆட்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். ஆம்புலன்சு தேனியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மூணாறு பார்த்துவிட்டுத் திரும்பும் கார்கள் வேகத்தைக் குறைத்து, பார்த்து, ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தன. கையைக் காட்டியும் ஒருத்தனும் நிறுத்தவில்லை. முதலில் ரோட்டின் நடுவே போய் உட்கார்ந்தவள் ஒச்சம்மாள். பிறகு பொன்னுமணி. பிறகு மற்றவர்கள். பதினோரு பொம்பளைகள் கைகோத்து உட்கார்ந்த பிறகுதான் வண்டிகள் நின்றன. நின்ற வண்டிகளில் அடிபட்டவர்களை ஏற்றினார்கள். எல்லோரையும் அனுப்பிய பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஓட்டை ஜீப்பில் ஆட்டை அடைப்பது போல அடைத்து ஏற்றுவதை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள் என்று இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். சட்டவிரோதமாகக் கூடினார்கள், போக்குவரத்தை மறித்தார்கள் என்று பதினோரு பேர் மீதும் கேஸ் ஆனது.

உக்கிரபாண்டி பிழைத்தான். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடப்பான். ஆனால் மத்தியானம் யாராவது வந்து அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், கொல்லைக்குக் கூட்டிப்போக வேண்டும். மகள் முத்துப்பிரியா தேனியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். மலைக்குப் போனால் மத்தியானம் வீட்டுக்கு வர முடியாது. அதனால் ஒச்சம்மாளுக்குப் போடிக்குள்ளேயே ஒரு சோலி வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஊருக்குள் ஒரு ஏலக்காய்க் குடோனில் பொம்பளை செக்யூரிட்டி தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். காய் பிரிக்க வரும் பொம்பளைகளை, வேலை முடிந்து போகும்போது, கேட்டில் நின்ற வாட்ச்மேன், காயை ஒளித்திருக்கிறார்களா என்று, முந்தானையை உதறிக் காட்டச் சொல்லுவான். மடியை அவிழ்க்கச் சொல்லுவான். ஒருநாள் அவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். குடோன்காரர் அந்த ஆளை அனுப்பிவிட்டு, லைசென்ஸ் வாங்கிய ஏஜென்சி ஒன்றிடம் பேசினார். ஏஜென்சிக்காரர்கள் சட்டப்படி பயிற்சி முடித்த ஆளைத்தான் நிறுத்துவோம் என்றார்கள்.

தேனி போகும் ரோட்டில் ஒரு பழைய ரைஸ்மில்லைக் கூடமாக்கிப் பயிற்சி நடந்தது. நூறு மணி நேரம் வகுப்பு, அறுபது மணி நேரம் வெளியே நேரடிப் பயிற்சி. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். மற்றவர்களுக்குக் குறைந்தது இருபது வேலைநாள். முப்பது பேரில் பொம்பளைகள் நாலு பேர். சொல்லிக் கொடுத்தவள் பவித்ரா. உடற்கல்வி படித்தவள். ஒச்சம்மாளுக்கு மகளாக இருக்கக்கூடிய வயசு. முதல் நாள் உயரம் அளந்தாள், எடை பார்த்தாள், நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று நிறம் நிறமான புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். கடைசியில் எழுத்துத் தேர்விலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் தேற வேண்டும் என்றாள்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க" என்றாள். "நாம போலீசு இல்ல. அதுக்குத்தான் சட்டை கூட வெளிர் நீலம். காக்கி போடக்கூடாது, பட்டாளத்து உடுப்பு மாதிரி எதுவும் போடக்கூடாது. போட்டா நம்ம மேல கேசு. ஒருத்தர் பையைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். அவங்களா தெறந்து காட்டுனா பாக்கலாம். கைய வெக்கக்கூடாது. கண்ணு முன்னால திருடுறான்னா மறிக்கலாம், ஒடனே போலீசுக்குச் சொல்லி ஒப்படைச்சுரணும். ரூமுக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சா, உள்ள போறது நாமதான்."

"அப்ப எதுக்கு மேடம் நாம?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"பாக்குறதுக்கு. மத்தவங்க கவனிக்காதத நாம கவனிக்கிறதுக்கு. தீப்பிடிச்சா மொதல்ல ஓடி வர்றதுக்கு."

தீயணைப்புப் பாடத்தன்று சாக்கைக் கொளுத்திப்போட்டு அணைக்கச் சொன்னாள். பட்டாளத்துக்காரர் ஒருவர் சிலிண்டரைத் தூக்கித் தீயின் தலையில் பீய்ச்சினார். அணையவில்லை. ஒச்சம்மாள் பவித்ரா சொன்னபடி சிலிண்டர் பிடியில் செருகியிருந்த முளையை உருவி, தீயின் அடியைப் பார்த்துப் பீய்ச்சினாள். புகை கண்ணில் ஏறி இருமினாலும் விடவில்லை.

அவளை உலுக்கியது முதலுதவி வகுப்புத்தான். அடிபட்டவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக்கூடாது என்றாள் பவித்ரா. இடுப்போ முதுகோ ஒடிந்திருந்தால் அப்படித் தூக்கும்போது இன்னும் நொறுங்கும். பலகையோ, கதவோ, இறுக்கமான கம்பளியோ அடியில் கொடுத்து, நாலு பேர் ஒரே நேரத்தில், உடம்பு வளையாமல் தூக்க வேண்டும். தரையில் ஒரு ஆளைப் படுக்கப்போட்டுச் செய்து காட்டினாள். ஒச்சம்மாள் எழுந்து வெளியே போனாள். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள்.

பவித்ரா பின்னாலேயே வந்தாள். "என்னக்கா, மயக்கமா வருதா?"

"இல்ல டீச்சர். அவர ஏத்துனது நாங்கதான். ஆளுக்கொரு கையி, ஆளுக்கொரு காலு. மூட்டையத் தூக்குற மாதிரி தூக்குனோம். கத்துனாரு. வலியில கத்துறாருன்னு நெனச்சோம்."

பவித்ரா குழாயை மூடினாள். "தூக்கலேன்னா அங்கயே கெடந்திருப்பாருல்லக்கா" என்றாள் பிறகு.

"ஆமா. ஆனா தெரிஞ்சிருந்தா கொஞ்சம் நல்லாத் தூக்கியிருப்போம்ல?" ஒச்சம்மாள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "வாங்க. அந்தக் கம்பளிய எப்பிடி மடிக்கிறதுன்னு இன்னொருக்கச் சொல்லுங்க."

படிப்புத்தான் அவளுக்குப் பெரிய மலையாக இருந்தது. அடையாள அட்டை, லைசென்ஸ், வண்டி நம்பர் இதையெல்லாம் பார்த்துப் படிக்கும் அளவுக்கு இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தெரிய வேண்டும். ஒச்சம்மாள் அஞ்சாவதோடு நின்றவள். சொல்லிக் கொடுத்தது உக்கிரபாண்டி. மலைக்குப் போகும் முன்னால் அவன் லாரியில் கிளீனராக இருந்தவன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகும் வண்டிகளைக் காட்டுவான்.

"அந்தா போகுதுல்ல, பாரு. மொத எழுத்து?"

"டி."

"அடுத்தது?"

"எம்மு."

"எம்மு இல்ல ஒச்சு. எண்ணு. எம்முக்கு இன்னொரு காலு இருக்கும். டி என் அறுவது. நம்ம ஊரு வண்டி. பின்னாடி வர்றது?"

"கே... எல்லு. கேரளா வண்டி. காய் ஏத்த வந்திருக்கு."

"வண்டியப் பாத்துச் சொல்றியா, எழுத்தப் பாத்துச் சொல்றியா?"

"ரெண்டையுந்தான்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பேண்ட்டு போடணுமாமே" என்றான்.

"போடணும்."

"எங்கண்ணன் மொக்கையன் நேத்து வந்து ஒரு பாட்டம் பேசிட்டுப் போனாரு. நம்ம வீட்டுப் பொம்பள பேண்ட்டு போட்டுக்கிட்டுக் கேட்டுல நின்னா ஊரு என்ன பேசுமுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"எனக்கு வேட்டி கட்டிவிடுறதே அவதாண்ணே, அவ என்ன போட்டா என்னன்னேன். காப்பி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு."

வகுப்பு முடியப்போகும் நேரத்தில்தான் பவித்ரா போலீஸ் விசாரணையைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொருவருடைய நடத்தையையும் ஸ்டேசனில் விசாரித்துச் சான்று தருவார்கள். கோர்ட்டில் தண்டனை பெற்றவரைக் காவலுக்கு வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒச்சம்மாள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், மறியல் கேசு இருந்தா?"

"தண்டனை ஆயிருச்சா?"

"இல்ல. வாய்தா போட்டுக்கிட்டே இருக்காங்க."

"அது நிலுவை. நிலுவை வேற, தண்டனை வேற." பவித்ரா யோசித்தாள். "ஆனா அக்கா, ஒண்ணக் கவனமா வெச்சுக்கங்க. குத்தத்த ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டு வந்தாலும் அது தண்டனைதான். சின்னக் கேசு, பெரிய கேசுன்னெல்லாம் இல்ல."

ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். அடுத்த வாய்தாவில் பதினோரு பேரும் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடுவது என்றுதான் பேசி வைத்திருந்தார்கள். வக்கீல் செழியனும் அதைத்தான் சொல்லியிருந்தார். அவளும் அன்றைக்குச் சரியென்றுதான் தலையாட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுமணி வீட்டுக்கு வந்தாள். கப்பக்கிழங்கும் மத்திக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். உக்கிரபாண்டிக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். வெளியே ஆடிக் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"வர்ற வாய்தாவுக்குப் போயி எல்லாரும் ஒத்துக்கிருவோம்னு பேசியாச்சு மதினி. காலையில போனா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுருமாம்."

"நான் ஒத்துக்கல மதினி."

"என்னது?"

"குத்தம் செய்யலன்னு சொல்லப்போறேன்."

பொன்னுமணி கிழங்கைத் தட்டிலேயே போட்டாள். "ஏன், ஒனக்கு என்ன பிடிச்சிருக்கு? ஒருத்தரு ஒருத்தரா பேசிப் பேசி எல்லாரையும் சரிக்கட்டியிருக்கேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சோலியப் போட்டுட்டு கோர்ட்டு வாசல்ல காஞ்சு கெடக்குறோம். கங்காணி மொகத்தத் திருப்புறான். எம்மருமகன், எங்கத்தைக்குக் கேசு இருக்குன்னு குத்திக் காட்டுறான்."

"நீங்க ஒத்துக்கங்க. நான் வேணாங்கல."

"எல்லாம் ஒண்ணா உக்காந்தோம். ஒண்ணா முடிக்கணும்ல?"

"ஒத்துக்கிட்டா எனக்கு இந்த வேல இல்ல மதினி. சட்டமே அப்பிடி இருக்கு."

"ஓ! ஒனக்குக் கேட்டுல நிக்க ஆச. அதுக்காக இழுத்தடிக்கப் பாக்குற."

ஒச்சம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"வேலைக்காகத்தான். இல்லன்னு சொல்லல. அந்த வேல இல்லேன்னா மத்தியானம் இவர யாரு பாக்குறது? ஆனா நேத்து ராத்திரி பூரா படுத்து யோசிச்சேன். நாம உக்காந்தது எதுக்கு? இவர ஏத்தி அனுப்பத்தான. அதக் குத்தம்னு எம் வாயாலயே சொல்லிட்டு, திரும்பி வந்து இவரு மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? சும்மா வாயால சொல்றதுதானடி."

"வாயால சொல்றதத்தான் அவுக எழுதிக்கிருவாக."

"வக்கீலு என்ன சொல்றாரு?"

"இன்னும் போகல. நாளைக்குப் போறேன்."

"போ. போயி மாட்டிக்க. சாட்சி வந்து, இவதான் மொத ஆளா உக்காந்தான்னு ஒன்னையத்தான் காட்டுவான். அப்ப அழுகாத." பொன்னுமணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது உக்கிரபாண்டியிடம், "கொழம்பு ஒறப்பா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"நல்லாருந்துச்சு ஆத்தா" என்றான் அவன். அவள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

செழியன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனியா நடத்தணும்னா நடத்தலாம்மா. போலீஸ் சாட்சி இருக்கு, பஸ்சு டிரைவர் ஒருத்தர் சாட்சி. உக்காந்தது உண்மைதானே? ஜெயிக்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. தோத்தா, இப்ப கட்டுறத விடக் கூடத்தான் ஆகும். வேலையும் போகும்."

"ஒத்துக்கிட்டாலும் வேல போகும்ல சார்?"

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

வாய்தா அன்று போடி கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாகப் போய் நின்றார்கள். மாஜிஸ்திரேட் அம்மா வழக்குக் கட்டைப் பார்த்தபடியே கேட்டார். குற்றச்சாட்டு புரிகிறதா, ஒப்புக்கொள்கிறீர்களா. "ஒத்துக்கிறேங்க" என்று முதலில் நின்றவள் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். பேனா எழுதிக்கொண்டே போனது. ஒச்சம்மாள் முறை வந்தது.

"ஒத்துக்க மாட்டேங்கம்மா."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "வழக்கை நடத்தப் போறீங்களா?"

"ஆமாங்கம்மா."

அவளைத் தனியாக ஓரமாக நிற்கச் சொன்னார்கள். சுவரில் சாய்ந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று நேராக நின்றாள். அடுத்துப் பொன்னுமணி. பொன்னுமணி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனாள். கேள்வி வந்தது. அவள் ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்த்தாள், மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள்.

"இல்லீங்க."

"என்ன இல்லை?"

"ஒத்துக்கலீங்க."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி இல்லையென்றாள். மீதிப் பேர் ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டி, மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒச்சம்மாளும் பொன்னுமணியும் வேப்பமரத்தடியில் டீ வாங்கிக் குடித்தார்கள்.

"ஏன் மதினி அப்பிடிச் சொன்ன?"

"எனக்கே தெரியல. ஒத்துக்கிறேன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். நீ அந்த ஓரத்துல தனியா நின்ன, பாக்கச் சகிக்கல." பொன்னுமணி டீயை ஊதினாள். "வீட்டுக்குப் போனா எம்மருமகன் சாமியாடப்போறான். ஒன்னையக் காட்டித்தான் விடுவேன், பாத்துக்க."

நினைத்தபடி எதுவும் சட்டென்று நடக்கவில்லை. ஒச்சம்மாள் எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்தில் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினாள். கோட்டைத் தாண்டியதும் புல்லில் விழுந்து கிடந்தவளை, "படுக்காதீங்கக்கா, நடங்க நடங்க" என்று பவித்ரா கையைப் பிடித்து எழுப்பி நடக்கவைத்தாள். ஆனால் போலீசிலிருந்து வந்த அறிக்கையில் வழக்கு நிலுவை என்று இருந்தது. சட்டத்தில் தடையில்லை என்று பவித்ரா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஏஜென்சி மேனேஜர் கேட்கவில்லை. கேசை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, குடோன் கேட்டில் வேறொரு பெண்ணை நிறுத்தினார்.

ஒச்சம்மாள் ராசிங்காபுரம் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்குக் களையெடுக்கப் போனாள். அதுவும் நாள் முழுக்க வேலைதான். மத்தியானம் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள். சில நாள் அவர்கள் மறந்துவிடுவார்கள். ஒருநாள் அவள் வரும்போது உக்கிரபாண்டி கொல்லை வழியில் விழுந்து கிடந்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. அவள் பதறவில்லை. முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். காலை அசைக்கச் சொன்னாள். கம்பளியை உருட்டி அவன் அடியில் கொடுத்தாள். தெருவில் போன மூன்று பேரைக் கூப்பிட்டு, எப்படிப் பிடிப்பது என்று சொல்லி, "நான் மூணு சொன்னதும் ஒண்ணாத் தூக்கணும். இடுப்பு வளையக்கூடாது" என்றாள். கட்டிலில் கிடத்திய பிறகு, அவர்கள் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

"இந்த வாட்டி வலிக்கவே இல்ல ஒச்சு" என்றான் உக்கிரபாண்டி.

"பேசாமப் படுங்க மாமா."

மறுநாள் அவள் செழியனிடம் போய், அடுத்த வாய்தாவிலேயே சாட்சியை விசாரிக்க ஏதாவது செய்யுங்கள் என்று நின்றாள். அவர் மனுப் போட்டார். அதற்கடுத்த வாரமும் போய் நின்றாள். அவள் தலையைக் கண்டாலே அவருடைய குமாஸ்தா, "போட்டாச்சும்மா, போட்டாச்சு" என்பான்.

பஸ் டிரைவர் லிங்கேஸ்வரன் சாட்சி சொல்ல வந்த அன்று உக்கிரபாண்டியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஆட்டோவில் கூட்டிவந்து பின்பெஞ்சில் உட்காரவைத்தார்கள். லிங்கேஸ்வரன் தலை நரைத்த ஆள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஆமாம், ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம், பஸ் போக முடியவில்லை.

செழியன் எழுந்தார். "நீங்க வந்தப்ப ரோட்டுல வேற என்ன இருந்துச்சு?"

"கவுந்த ஜீப்பு கெடந்துச்சுங்க. பாதி ரோட்ட அடைச்சுக்கிட்டு. அடிபட்டவங்க கெடந்தாங்க."

"அடிபட்டவங்க எதுல போனாங்க?"

"எம் பஸ்சுல மூணு பேர ஏத்துனாங்க. மத்தவங்க காருல."

"அவங்க உக்காரலேன்னா நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

லிங்கேஸ்வரன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லணும்ல சார். நிறுத்தியிருக்க மாட்டேன். மெட்டுக்கு மேல மழ வேற வர்ற மாதிரி இருந்துச்சு, டைமுக்குப் போகணும். ஒதுங்க எடமிருந்தாப் போயிருப்பேன்." பிறகு கேட்காமலே தொடர்ந்தார். "ஏத்துன மூணு பேருல ஒருத்தரு ரொம்ப முடியாமக் கெடந்தாரு. போடி வர்ற வரைக்கும் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆசுபத்திரியில எறக்கிவிட்டுட்டு வந்துட்டேன். பொழைச்சாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல."

பின்பெஞ்சில் வாக்கர் தரையில் உரசியது. உக்கிரபாண்டி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இன்னொரு கையைத் தூக்கினான். லிங்கேஸ்வரன் அவனையே பார்த்தார். உட்காரச் சொல்லி கோர்ட்டு டவாலி ஓடி வந்தான். மாஜிஸ்திரேட் தலைகுனிந்து எழுதினார்.

தீர்ப்பு ஐப்பசி மழையில் வந்தது. காயம்பட்டவர்களை ஏற்றி அனுப்பத்தான் உட்கார்ந்தார்கள், அதன் பிறகு நியாயம் கேட்டு உட்கார்ந்ததிலும் குற்றம் செய்யும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மூன்று பேரையும் விடுதலை செய்தார்கள். ஒத்துக்கொண்ட எட்டுப் பேருக்கும் அதில் ஒன்றுமில்லை. அவர்களில் ஒருத்தி பொன்னுமணியிடம், "எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்ல" என்று சண்டைக்கு வந்தாளாம். கோர்ட்டில் உங்கள் கண்ணு முன்னால்தானே சொன்னோம் என்று பொன்னுமணி அவள் வாயை அடைத்தாளாம்.

காய் வரத்து கூடியதும் குடோனில் இன்னொரு ஷிப்ட் போட்டார்கள். ஒச்சம்மாளுக்குப் புதிதாக விசாரணை நடந்து சான்று வந்தது. போட்டோ ஒட்டிய அட்டை வந்தது. வெளிர் நீலச் சட்டையும் கருநீலப் பேண்ட்டும் தொப்பியும் வந்தன. மத்தியானம் அரைமணி நேரம் வீட்டுக்குப் போய்வர மேனேஜர் சம்மதித்தார். பொன்னுமணியும் அந்த மாசமே மலையை விட்டு இறங்கி, அதே குடோனில் காய் பிரிக்கச் சேர்ந்திருந்தாள். முழங்கால் இனிமேல் சரிவில் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் மணியடித்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுப்பலகையால் ஒரு மறைப்பு அடித்திருந்தார்கள். அதற்குள் ஒச்சம்மாள் நின்றாள். உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனையோடு பொம்பளைகள் வரிசையில் வந்தார்கள். நாலைந்து பேர் போனபிறகு பொன்னுமணி வந்தாள். வரும்போதே சிரித்தாள்.

"தொப்பி எடுப்பாத்தான் இருக்கு மதினி" என்று சொல்லிக்கொண்டே தாண்டப் போனாள்.

"மதினி, பையத் தெறந்து காட்டுங்க."

பொன்னுமணி நின்றாள். "என்னையுமா?"

"எல்லாரையுந்தான்."

பொன்னுமணியின் முகம் சுருங்கியது. "கோர்ட்டுல ஒங்கூட நின்னவ நான்."

"ஆமா. அத உசுருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன். பையக் காட்டுங்க."

பொன்னுமணி கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். போய்விடுவாளோ என்று ஒச்சம்மாள் நினைத்தாள். போனால் மறிக்க முடியாது, மேனேஜரிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பொன்னுமணி பையின் வாயை விரித்துப் பிடித்தாள். தூக்குச்சட்டியை அவளாகவே திறந்தாள். ஒரு சீப்பு, மாத்திரை அட்டை, வெற்றிலைப் பொட்டலம். ஒச்சம்மாள் குனிந்து பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"சரி மதினி. போங்க."

பொன்னுமணி போகவில்லை. முந்தானையைக் கையில் பிடித்தபடி கேட்டாள். "இத உதறிக் காட்டணுமா?"

"வேணாம்."

"முன்னாடி கேப்பான்ல?"

"இனிமே இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

பொன்னுமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறைப்புக்கு வெளியே வந்தாள். அங்கே நீண்டு நின்ற வரிசையைப் பார்த்து, மலையில் சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகிய தொண்டையில் சொன்னாள்.

"ஏ, பையத் தெறந்து கையிலயே வெச்சுக்கங்கடி. வெரசா வேல முடியும். மதினி யாரையும் விட மாட்டா."

வரிசை நெடுக ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அடுத்தவள் உள்ளே வந்து, பையை விரித்துப் பிடித்தபடி ஒச்சம்மாள் முன்னால் நின்றாள்.